ஜவுபர் மாஸ்டர் டேர்போ பூட்டிய கதை

அந்த வீட்டில் ஜவுபர் மாஸ்டரின் பெயரில் இருந்த பொருட்கள் இரண்டு. ஒன்று, மூக்குக் கண்ணாடி. மற்றது, கார்.

வீடு ஸுல்பிகாவுடையது. சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை தேடுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறிக்கொள்வார். பெட்டிக்கு இடம் கொடுப்பது பெண்ணின் பெருந்தன்மை. வயல் நாலு ஏக்கரும் ஸுல்பிகாவுடையது. கிணறு, தென்னை, கோழி எல்லாம் அப்படியே. கோழிகள்கூட மாஸ்டர் கூப்பிட்டால் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைக் கவனிக்கப் போய்விடும்.

ஆகவே அந்தக் கார் மாஸ்டருக்கு வெறும் கார் அல்ல. ஆறு ஸ்ரீ என்று தொடங்கும் பழைய இலக்கத் தகடு, பச்சை நிறம், நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் மூச்சுவிட அனுமதி கேட்கவேண்டிய சின்னக் கார். பெற்றோல் முள் செத்துப் பல வருஷம். என்றாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் அவருக்குத் தோள் இரண்டும் அகன்றுவிடும். வீட்டில் சொல்ல முடியாத பல கருத்துகளை அவர் காரில் தனியாகப் போகும்போது உரத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காருக்குத்தான் ஒரு நாள் காலைத் தேநீரோடு ஆபத்து வந்தது.

"இஞ்ச பாருங்க. கார வித்துப் போடுவம்."

மாஸ்டருக்குத் தேநீர் புரையேறியது.

"என்னத்துக்குகா?"

"வயலுக்குத் தண்ணி மெசின் எடுக்கணும். வாய்க்கால் கடைசியில கிடக்கிற வயல். மேல உள்ளவங்க தண்ணி கட்டி முடிஞ்சு நமக்கு வாறத்துக்குள்ள பயிர் கருகிப் பெய்த்திரும். உங்கட கார் குடிக்கிற பெற்றோல மெசினுக்கு ஊத்தினா நாலு ஏக்கரும் பச்சையா நிக்கும்."

"காரும் பச்சைதானே."

"அறுக்க ஏலுமா அத?"

மாஸ்டர் பதில் தேடினார். கலியாணமாகிப் பதினேழு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஸுல்பிகா பேசியபடியே உலைக்கு அரிசி அளந்தாள். அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து மூலையில் இருந்த மண்முட்டிக்குள் போட்டாள். அது பிடியரிசி. ஒவ்வொரு நாளும் உலைக்குப் போகும் அரிசியில் ஒரு பிடி முட்டிக்குள் போகும். சோறு தின்கிற யாருக்கும் குறைந்தது தெரியாது. முட்டி நிறைந்தால் ஒரு பெருநாளுக்கோ ஒரு ஏழைக்கோ ஆகும். மாஸ்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

"ஒரு பிடியில என்னகா வரப்போகுது? கணக்குப் பார்த்தா ஒண்டுமில்ல."

"கணக்கு உங்கட. முட்டி எங்கட," என்றாள் அவள்.

மூன்றாம் நாள் மசூர் வந்தார். மாஸ்டரோடு ஒன்றாகப் படித்தவர், சவூதியில் ஐந்து வருஷம் லொறி ஓடிவிட்டுத் திரும்பியிருந்தார். எல்லோரும் அங்கிருந்து கம்பளியும் கசெற் ரேடியோவும் கொண்டுவந்தபோது, மசூர் உடைந்த வான் வண்டியொன்றிலிருந்து கழற்றிய ஒரு இரும்புச் சாமானைக் கொண்டுவந்திருந்தார். பெரிய நத்தை மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் வாய்.

"இதுதான் மச்சான் டேர்போ. வீணாப் போற புகை இதுக்குள்ள போய் ஒரு காத்தாடியச் சுத்தும். அந்தக் காத்தாடி மற்றப் பக்கம் காத்த இழுத்து எஞ்சினுக்குள்ள அடைக்கும். புகைக்குக் காசா? இல்ல. ஓசியில வேலை."

ஓசி என்ற சொல் மாஸ்டரின் நெஞ்சில் பாய்ந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற மூளை வேலை செய்யத் தொடங்கியது. வீணாகும் சக்தியை மீட்டால் சேமிப்பு. சேமித்தால் பெற்றோல் மிச்சம். பெற்றோல் மிச்சமானால் கார் தப்பும். கரும்பலகையில் எழுதியிருந்தால் ஒரு பிழையும் தெரியாது.

அன்று பின்னேரமே ஸுல்பிகாவுக்கு வகுப்பு நடந்தது.

"இதுக்குப் பேர் டேர்போ."

"டே, போவா? யார் யாரச் சொல்லுற?"

"அது இங்கிலீசுகா."

"இங்கிலீசு எண்டா மரியாதை இல்லாமக் கதைக்கலாமா?"

"அது மெசின்ட பேர். வீணாப் போற புகையால எஞ்சினுக்குப் பலம் குடுக்கிற. காரும் பறக்கும், பெற்றோலும் மிச்சம் பிடிக்கும்."

"என்ட அடுப்பிலயும் வீணாப் புகை போகுது. அதில ஒரு முட்டை அவிக்க ஏலுமா?"

"அது வேற, இது வேற."

"அப்ப பந்தயம் வேணாம், பேச்சு வெப்பம்," என்றாள் ஸுல்பிகா. பந்தயம் ஹராம். பேச்சு ஹராமல்ல. "சனிக்கிழமை நீங்க ரெண்டு கலன் பெற்றோல் அடிக்கிற. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வரக்குள்ள தாங்கில ஒரு அங்குலம் மிஞ்சும். நான் உங்கட அடிமட்டத்த விட்டுப் பார்த்திருக்கன். இனி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு வெள்ளி கிடக்கு. ஒவ்வொரு வெள்ளியும் அளப்பம். ஒரு அங்குலத்துக்கு மேல நிண்டா கார் வீட்டில. குறைஞ்சா கார் மெசினுக்கு."

மாஸ்டர் சம்மதித்தார். விஞ்ஞானம் தன் பக்கம் என்று நம்பினார். தன் காரை அளப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் கோடு போடுகிற அடிமட்டம் பயன்பட்டிருப்பது அவருக்கு அன்றுதான் தெரியும். இந்த வீட்டில் தனக்குத் தெரியாமல் இன்னும் எதையெல்லாம் அளந்திருப்பாள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, யோசிக்காமல் விட்டார்.

காரைதீவில் மெக்கானிக் பாக்கியராசா பாஸின் கராஜ். பாஸ் அந்த நத்தையைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு காரின் எஞ்சினைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மூன்றிலும் கடைசியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"மாஸ்டர், இது மிச்சம் பிடிக்கிற சாமான் இல்ல. காத்தக் கூட அடைக்கும், சரி. காத்துக் கூடினா பெற்றோலும் கூடப் போகத்தான் வேணும். வெறும் காத்துப் பத்துமா?"

"ஆனா சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின்ட வேலையச் செய்யுந்தானே?"

"செய்யும். பெரிய எஞ்சினுக்குப் பதிலாச் சின்னத்த வெச்சாத்தான் அதில மிச்சம். நீங்க சின்னத்துக்கே பூட்டுறீங்க. இது பெரிய வானிர சாமான் வேற. உங்கட காரிர புகைக்கு இது சுத்துமோ தெரியா."

"நீங்க பூட்டுங்க பாஸ். மிச்சத்த நான் பார்த்துக்கொள்ளுறன்."

பாஸ் பூட்டினார். வேண்டாம் என்று சொல்வதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கிற மனிதர். மூன்று நாள் எடுத்தது. பானெற் முழுதாக மூடவில்லை, கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. ஸ்டார்ட் பண்ணினபோது எஞ்சினிலிருந்து ஒரு விசில் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விசிலோடு உள்ளே யாரோ கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தமும் வந்தது. வேகம் மட்டும் வரவில்லை.

"பறக்கும் எண்டீங்க," என்றாள் ஸுல்பிகா, வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்து.

"பொறு. பழகணும்."

அந்த வாரம் புதன்கிழமையே மாஸ்டர் இரகசியமாக அடிமட்டத்தை விட்டுப் பார்த்தார். அரை அங்குலம்கூட இல்லை. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் கிடந்தது. காருக்குள் இருந்து கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவினார். இதை விற்றால் தான் இந்த வீட்டில் யார் என்று தன்னையே கேட்டார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் என்ற பதில்தான் கிடைத்தது.

அடுத்த நாள் அதிகாலை சுபஹு தொழுகைக்குப் போன மாஸ்டர் திரும்பி வரும்போது இடுப்புச் சாரத்துக்குள் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. போத்தலுக்குள் பெற்றோல் இருந்தது. முன்வாசலால் போன மனிதர் பின்வாசலால் வந்து, காரின் பின்பக்கம் குனிந்து, ஒரு நிமிஷத்தில் வேலையை முடித்தார். ஒரு போத்தல் ஊற்றியவுடன் மனதில் ஒரு குற்ற உணர்ச்சி வந்தது. விஞ்ஞானத்துக்குச் சின்னக் கைத்தாங்கல் கொடுக்கிறேன் என்று சொன்னதும் அது போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஸுல்பிகா அடிமட்டத்தை இறக்கினாள். வெளியே எடுத்து வெயிலில் பிடித்தாள்.

"ஒரு அங்குலம். அதுக்கு மேல ஒரு நூல்."

"நான் சொல்லல்லயா?"

"ஓம், சொன்னீங்க."

அவள் அதை அவ்வளவு சாதாரணமாக ஒப்புக்கொண்டது மாஸ்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

வெற்றி பெற்றவர் ஓய்வெடுக்க விரும்புவார். ஆனால் ஸுல்பிகா வெற்றியை ஊர் முழுக்கக் கொண்டுபோனாள். அடுத்த வீட்டு ஸம்ஸியா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"காக்கா, உங்கட கார் பெற்றோல் குடிக்கிறல்லயாமே."

"குடிக்கும் தங்கச்சி. குறைவாக் குடிக்கும்."

"அக்கரைப்பற்றுல சாச்சிட மகளுக்குக் கலியாணம். ஒருக்காக் கொண்டு விட்டிருவீங்களா? செலவில்லாத கார்தானே."

மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. செலவாகும் என்று சொன்னால் டேர்போ தோற்றதாக ஆகும். ஸம்ஸியாவும் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு வட்டிலப்பப் பாத்திரமும் ஏறினார்கள். நிந்தவூர் தாண்டும்போது கார் விசிலடித்தது. பிள்ளைகளும் விசிலடித்தார்கள். அடுத்த வாரம் ஸுல்பிகாவோடு பிறந்த ராத்தாவைப் பார்க்கச் சம்மாந்துறைக்கு ஓட்டம். அதற்கடுத்த வாரம் கல்முனைச் சந்தைக்கு மூன்று தடவை. ஒரு தடவை வெங்காயம் மறந்து போய் வெங்காயத்துக்காக மட்டும் போனார்கள்.

சோடாப் போத்தல் நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டானது. இரண்டு மூன்றானது. மாஸ்டருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் வெள்ளிக்கிழமை மட்டம் ஒரு அங்குலமும் ஒரு நூலும்தான். ஒரு நூல் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நாளுக்கு மூன்று போத்தல் ஊற்றிய வாரத்திலும் ஒரு நூல்தான். அப்படியானால் இந்த டேர்போ எவ்வளவு குடிக்கிறது? பாக்கியராசா பாஸ் சொன்னதைவிடக் கூடவே குடிக்கிறது என்று மாஸ்டர் முடிவு செய்தார். மனைவியிடம் அதைப் புகழ்ந்து பேசியபடியே மனதுக்குள் அந்த நத்தையைச் சபித்தார்.

வகுப்பிலும் பெற்றோல் மணம் பரவியது. முன்வரிசைப் பையன்கள் மூக்கைப் பொத்தினார்கள். எரிபொருள் பாடம் நடக்கிற வாரம் என்பதால் மாஸ்டர் அதைச் செய்முறைப் பயிற்சி என்று சமாளித்தார்.

"உங்கட சாரத்தில என்ன மணம்?" என்று ஒரு நாள் ஸுல்பிகா கேட்டாள்.

"அத்தர்."

"புது அத்தரா?"

"மசூர் சவூதியிலிருந்து கொண்டுவந்த."

"அடுப்படிக்குக் கிட்ட மட்டும் வந்திராதீங்க," என்றாள் அவள்.

ஆறாம் வெள்ளிக்குள் ஊரில் அந்தக் காருக்குப் பறக்கத்துக் கார் என்று பெயர் விழுந்துவிட்டது. இறையருளால் ஊற்றிய பெற்றோல் குறையாத கார். பறக்கவே இல்லை, ஆனால் பறக்கத்து நிறைய இருந்தது. பள்ளிவாசலில் இரண்டு பேர் மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மாஸ்டருக்குக் காதுவரை சூடேறியது. பெருமையா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு வெள்ளிதான், பிறகு போத்தலைக் கடலில் எறிந்துவிடலாம் என்று மனதைத் தேற்றினார்.

கடைசி வெள்ளி வந்தது. ஜும்ஆ முடிந்து மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது முன்விறாந்தையில் அக்கரைப்பற்று நெல் வியாபாரி முகைதீன்பாவா ஹாஜியார் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் சலாம் சொன்னார். பெருநாளுக்கு முன் ஹாஜியார் ஏன் வந்தார் என்று கேட்கவில்லை. வெற்றிக்குச் சாட்சி கூடினால் நல்லதுதானே.

ஸுல்பிகா அடிமட்டத்தோடு வந்தாள். எல்லோரும் காருக்குப் பின்னால் கூடினார்கள். வேலியில் ஸம்ஸியாவின் தலையும் தெரிந்தது.

"ஒரு அங்குலம். ஒரு நூல்."

மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். பதினேழு வருஷத்துப் பேச்சு ஒரே நேரத்தில் நாக்கில் வந்து நின்றது.

"எட்டு வெள்ளி. எட்டுக்கும் ஒரே மட்டம். இப்ப ஒத்துக்கொள்ளுறயாகா? விஞ்ஞானம் எண்டா விஞ்ஞானம்தான். கார் வீட்டில."

"ஓம். ஒருக்கா இஞ்சால வாங்க."

தேங்காய் போடுகிற கொட்டிலுக்குக் கூட்டிப்போனாள். மூலையில் கிடந்த சாக்கை இழுத்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்கள் நான்கு வரிசையாக நின்றன. பக்கத்தில் மண்ணெண்ணெய் இறைக்கிற கைப்பம்பி சாய்ந்து கிடந்தது. மாஸ்டர் ஒரு கேனின் மூடியைத் திறந்தார். மசூர் கொண்டுவந்த அத்தர் மணந்தது.

"இதென்ன?" என்றார்.

"பெற்றோல். நம்மட கார்ல ஊறினது. சுபஹுக்குப் புறகு பார்த்தா ஒவ்வொரு நாளும் ஊறிக் கிடக்கும், கிணத்தில தண்ணி ஊறுற போல. சரி, பறக்கத்து எண்டு நினைச்சன். நீங்க பள்ளிக்கூடத்தால வந்து படுத்தாப் போல ஒரு பிடி எடுத்து வெச்சன். வெள்ளிக்கு அங்குலமும் நூலும் நிக்கிற மாதிரி பார்த்துத்தான் எடுத்தன்."

"ஒரு பிடியா?"

"பிடியரிசி மாதிரித்தான். ஒரு பிடியில என்ன வரப்போகுது எண்டு நீங்கதானே கேட்ட."

நாலு கேன். மாஸ்டர் கேன்களைப் பார்த்தார். எட்டு வாரம் சாரத்துக்குள் சுமந்த போத்தல் எல்லாம் அங்கே நின்றன. ஒன்றையும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. சொன்னால் ஊற்றியது தானென்று ஆகும்.

ஸுல்பிகா குரலை உயர்த்தவில்லை.

"இப்ப ஒண்டு கேக்கன். ஜும்ஆ தொழுதிட்டு வந்த வாயால சொல்லுங்க. இது டேர்போ மிச்சம் பிடிச்சதா, இல்ல நீங்க ஊத்தினதா? டேர்போ பிடிச்சது எண்டு சொல்லுங்க, கார் வீட்டில. நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். அப்போதுதான் முகைதீன்பாவா ஹாஜியாரும் கொட்டில் வாசலுக்கு வந்து நின்றார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, வெள்ளிக்கிழமை என்று ஞாபகம் வந்து, திரும்பிப் போய்விட்டது.

"நான் ஊத்தின," என்றார்.

சொன்னவுடன் மனதில் பாரம் இறங்கியது. அதோடு காரும் இறங்கிப்போகப்போகிறது என்பதும் விளங்கியது. அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. ஸுல்பிகா அதைக் கண்டாள். அவள் முகமும் கொஞ்சம் இளகியது. ஆனால் பேச்சு பேச்சுத்தான்.

"அப்ப டேர்போ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு கலனுக்குப் பதினைஞ்சு மைல். முந்தி இருபத்தஞ்சு போன கார்."

"பாக்கியராசாவும் அப்பிடித்தான் சொன்னாரு."

"நீ பாக்கியராசாவக் கண்டயா?"

"முதல் கிழமையே."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். பறக்கத்துக் கார் என்ற பேரைக் கேட்டுக் காரை வாங்க வந்திருக்கிறாராக்கும், விஷயம் தெரிந்தால் இனி வாங்க மாட்டார் என்று மாஸ்டருக்கு ஒரு கடைசி நம்பிக்கை எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஜியார், கேட்டீங்கதானே. இந்தக் கார்ல ஒரு மிச்சமும் இல்ல. பெற்றோல் குடிக்கும். விசிலடிக்கும். பானெற் மூடுறல்ல."

"தெரியும் மாஸ்டர்," என்றார் ஹாஜியார். "தங்கச்சி எல்லாத்தையும் முந்தியே சொல்லிட்டா. அந்தச் சாமானக் கழட்டினாச் சரியாகிடும் எண்டும் சொன்னா. எனக்குத் தேவை கார். என்னட்டக் கிடக்கிற தண்ணி மெசினுக்கு மாத்துவம் எண்டு பேசி முடிஞ்சிட்டுது. நீங்க உண்மையச் சொல்லுவீங்களா எண்டு பார்க்கத்தான் இண்டைக்கு வந்தன். சொல்லிட்டீங்க. சந்தோசம்."

பெருநாள் கழிந்த மறுநாள் பாக்கியராசா பாஸ் வந்து டேர்போவைக் கழற்றினார். பானெற் ஒரே அடியில் மூடியது. கார் விசில் இல்லாமல், கல் இல்லாமல், புது மாப்பிள்ளை போலத் தெருவால் போனது. அக்கரைப்பற்றுப் பக்கம் திரும்பும்வரை மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணி மெசின் வயலில் ஓடியது. எட்டு வாரப் பெற்றோல் நாலு ஏக்கருக்கும் தண்ணியாகப் பாய்ந்தது. பயிர் பச்சையாக நின்றது என்பதை மாஸ்டர் சைக்கிளில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டில் ஜவுபர் மாஸ்டரின் பெயரில் இப்போதும் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, மூக்குக் கண்ணாடி. மற்றது, டேர்போ. கடற்காற்றுக்கு அடித்துச் சாத்துகிற அடுப்படிக் கதவுக்கு ஸுல்பிகா அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறாள். மாஸ்டர் தேநீர் குடிக்கும்போது காற்று குளுகுளுவென்று வரும்.

"நீங்க சொன்னது சரிதான்," என்றாள் அவள் ஒரு நாள், பிடியரிசியை முட்டிக்குள் போட்டபடி. "காத்த உள்ளுக்குக் கூட விடுற சாமான்தான். ஒரு சொட்டுப் பெற்றோல் குடிக்கிறல்ல."